அப்பாவின் ஜீப்பும் ஒரு தகரத் துண்டும்

நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் மட்டும் தொடர்க.

சென்ற வாரம் காரியவட்டம் வளாகத்தில், மரத்தடியில் நின்ற என் ஜீப்பின் அடியிலிருந்து எண்ணெய்க் கறையோடு நான் வெளியே வந்தபோது, பிற துறை நண்பர் ஒருவர் கேட்டார்: "இந்தப் பழைய வண்டிக்குச் செலவிடும் நேரத்தில் ஆய்வேட்டில் இன்னோர் இயலை முடித்திருக்கலாமே?" நியாயமான கேள்விதான். என் நெறியாளரும் இதையே வேறு சொற்களில் கேட்டிருக்கிறார். போணக்காட்டில் பேருந்து நிற்கும் இடத்திற்கு மேலே இருக்கும் லயங்களுக்கு மழைக்காலத்தில் வேறு எந்த வண்டியும் ஏறாது, அங்குள்ள முதியவர்களிடம் பாடல்களைப் பதிவு செய்வதே என் களப்பணி என்று சொல்லிச் சமாளித்தேன். அது பொய்யன்று. ஆனால் முழு விடையும் அன்று. முழு விடையைச் சொல்ல ஒரு தகரத் துண்டைப் பற்றிப் பேச வேண்டும்.

வண்டி 1993ஆம் ஆண்டின் மஹிந்திரா எம்.எம். 540. நான்கு சக்கரங்களும் இழுக்கும் வகை. இதன் எலும்புக்கூடு இரண்டாம் உலகப்போருக்காக அமெரிக்காவில் வரையப்பட்ட வில்லிஸ் ஜீப்பினுடையது. 1940களின் இறுதியில் மஹிந்திரா நிறுவனம் அதன் பாகங்களைத் தருவித்து மும்பையில் பூட்டத் தொடங்கி, பிறகு மெல்ல மெல்ல இங்கேயே செய்யத் தொடங்கியது. எஞ்சின் ஃபிரான்சின் பெஜோ நிறுவனத்தின் வடிவமைப்பு: எக்ஸ்.டி.பி. 4.90 எனப்படும் 2112 சி.சி. டீசல் எஞ்சின், உரிமம் பெற்று இந்தியாவில் செய்யப்பட்டது. ஆக, தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோதே இந்த வண்டி பல கைகள் எழுதிய ஏடு. அதன்மேல் குலசேகரத்து மெக்கானிக்குகள் மூவரும் என் அப்பாவும் இருபத்தெட்டு ஆண்டுகள் எழுதியிருந்தார்கள். நானும் ஒரு வரி எழுதியிருந்தேன் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அப்பாவுக்குக் குலசேகரத்தை அடுத்து மலைச்சரிவில் கொஞ்சம் ரப்பர் இருந்தது. பக்கவாட்டு இருக்கைகளை மடக்கிவிட்டுப் பின்தட்டில் ரப்பர் ஷீட், அன்னாசி, உர மூட்டை, சில நாள் பிரசவ வலி கண்ட பெண் என எல்லாவற்றையும் இந்த ஜீப்தான் இறக்கியது. தோட்டத்துக்குப் போகும் வழியில் ஒரு சப்பாத்து உண்டு. ஆனி, ஆடியிலும் மறுபடி ஐப்பசியிலும் அதன் மேல் முழங்காலளவு தண்ணீர் ஓடும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையையும் வாங்கிக்கொள்ளும் நிலம் அது. அந்தச் சப்பாத்தைக் கடக்கும்போது மட்டும் அப்பா பேச்சை நிறுத்திவிட்டு இரண்டாவது கம்பியை முன்னே தள்ளுவார். சிறுவனாக இருந்தபோது, அந்தக் கம்பி தண்ணீரை வழிவிடச் செய்யும் என்று நினைத்திருந்தேன்.

2021இல் அப்பா காலமானார். பத்து மாதம் வண்டி ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகைக்குள் நின்றது. விற்றுவிடலாம் என்றார் மாமா. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. 2022இல் தடையின்மைச் சான்று பெற்று, வரி கட்டி, திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்தேன். டி.என். 74 போய் கே.எல். 01 வந்தது. சுவடிக்கு வரிசை எண் மாற்றியதுபோல் ஒரு சின்ன வருத்தம். முப்பது வயது டீசல் வண்டியை நகருக்குள் கொண்டுவருவதில் அறச்சிக்கல் இல்லாமலில்லை. 2016 மே மாதத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் திருவனந்தபுரம் உட்படக் கேரளத்தின் ஆறு மாநகராட்சிகளில் ஓடக் கூடாது என்றது. உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததால்தான் என்னைப் போன்றவர்கள் பிழைத்தோம். இந்த எஞ்சினின் புகையை நானே பின்னால் நின்று முகர்ந்திருக்கிறேன். அதை நியாயப்படுத்த எனக்கு வாதம் கிடையாது. டீசல் பம்ப்பையும் இன்ஜெக்டர்களையும் பெஞ்சில் வைத்து அளந்து சரிசெய்த பிறகு புகை வெகுவாகக் குறைந்தது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். எஞ்சினைப் பற்றி இதற்கு மேல் இங்கே வேண்டாம். அது அலுப்பூட்டும் அளவுக்கு நல்ல எஞ்சின்.

சிக்கல் முன்பக்கத்தில் இருந்தது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாக உதறத் தொடங்கும். ஸ்டீயரிங் கையை அடிக்கும். வண்டியை முற்றிலும் நிறுத்தினாலன்றி நிற்காது. களியக்காவிளையிலிருந்து வரும் வழியில் மூன்று முறை நிறுத்தினேன். மூன்றாவது முறை பின்னால் வந்த தண்ணீர் லாரி ஒரு சாண் இடைவெளியில் நின்றது.

பாப்பனங்கோட்டுப் பக்கம் ஒரு சிறிய பட்டறை. அங்கே கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மையப் பணிமனை இருப்பதால் சுற்றிலும் இரும்பறிந்த குடும்பங்கள் அதிகம். இந்நகரத்தில் அந்த அறிவுக்கு வயதும் உண்டு. 1938 பிப்ரவரி 20 அன்று திருவிதாங்கூர் அரசு தன் பேருந்துச் சேவையைத் தொடங்கியபோது, அடிச்சட்டமும் எஞ்சினும் இங்கிலாந்திலிருந்து வந்தன. இலண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய சால்டர் என்பவர் துறையை நடத்த வந்தார். ஆனால் மேற்கூட்டை இங்குள்ள தொழிலாளிகளே கட்டினார்கள். நான் போன பட்டறைக்காரரின் அப்பாவும் பணிமனையில் இருந்தவர். எல்லோரும் அவரை ஆசான் என்றே அழைக்கிறார்கள். பாறசாலைக்காரர். என்னிடம் தமிழும் கருவிகளிடம் மலையாளமும் பேசுவார்.

ஆசான் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். பிறகு படுத்துக்கொண்டு வெகுநேரம் வெறுமனே பார்த்தார். "மக்களே, இதுல கொறே பேரு கைவெச்சிருக்கானுவ," என்றார்.

உண்மைதான். உதறலை நிறுத்த ஒருவர் ஸ்டீயரிங் பெட்டியை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தார். இன்னொருவர் டை ராடு முனைகளைப் புதிதாகப் போட்டிருந்தார். ஒரு பக்கத்து முனை வேறு வண்டியுடையது. மூன்றாமவர் அதிர்வு தாங்கி ஒன்றைக் குறுக்கே மாட்டியிருந்தார். ஒவ்வொருவரும் தமக்கு முன்னவர் செய்ததை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதன்மேல் தம் திருத்தத்தைச் செய்திருந்தார். பதிப்பியல் வகுப்பில் இதைப் படித்திருக்கிறேன். ஏடெழுதுவோர் செய்யும் பிழைகளில் ஆபத்தானது கைபிழையன்று. பொருள் விளங்காத இடத்தில் 'சரியாக்கி' எழுதுவதுதான். கைபிழை தன்னைக் காட்டிக்கொடுக்கும். திருத்தம் ஒளிந்துகொள்ளும். வையாபுரிப்பிள்ளை இந்நகரத்தில் வழக்குரைஞராகவும் பின்னாளில் பேராசிரியராகவும் வாழ்ந்தவர். பாடவேறுபாடுகளைக் குறிக்காமல் விடுவதை அவர் ஏன் அவ்வளவு கடுமையாக எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு நூலகத்தைவிட அந்தப் பட்டறைத் தரையில்தான் நன்றாக விளங்கிற்று.

ஆசான் மேலுரைகளை ஒவ்வொன்றாக நீக்கினார். அதிர்வு தாங்கியைக் கழற்றினார். பெட்டியைத் தளர்த்தினார். டை ராடைப் பிரித்தார். பிறகுதான் முன் அச்சின் முனைக்கு வந்தார்.

வண்டியைப் பற்றி அறியாத நண்பர்களுக்காக: முன்சக்கரம் திரும்ப வேண்டுமானால் அதைத் தாங்கும் வார்ப்பு ஒரு செங்குத்தான அச்சைச் சுற்றிச் சுழல வேண்டும். அதன் மேலும் கீழும் கிங்பின் எனப்படும் குறுகிய முளைகளும், அவை உட்காரும் கூம்பு பேரிங்குகளும் உண்டு. பேரிங்கை மூடும் தொப்பிக்கும் வார்ப்புக்கும் நடுவே ஷிம் என்ற மெல்லிய எஃகுத் தகடுகளை வைப்பார்கள். ஷிம்மைக் குறைத்தால் பேரிங் இறுகும், கூட்டினால் தளரும். ஆயிரத்தில் மூன்று, ஐந்து, பத்து அங்குலம் என்ற அளவுகளில் அத்தகடுகள் வரும். பட்டறையில் 'மூணு தௌ, அஞ்சு தௌ' என்பார்கள். கதவு போல் கலகலவென்று திரும்பினால் பேரிங் சரியாக இல்லை என்று பொருள். இழுத்தால் சற்றே எதிர்த்துத் திரும்ப வேண்டும். அந்த எதிர்ப்புதான் ஓட்டத்தில் சக்கரத்தை நேராக வைத்திருக்கிறது.

வலப்பக்கத் தொப்பியைத் திறந்தபோது ஷிம்களுக்கு நடுவில் ஓர் அந்நியத் தகடு இருந்தது. கத்தரியால் வட்டமாக வெட்டிய தகரம். போல்ட் துளைகள் ஆணியால் அடிக்கப்பட்டவை. ஆசான் டீசலில் கழுவி என் கையில் தந்தார். ஒரு பக்கம் நீலச் சாயமும், வளைந்த இரண்டு எழுத்துகளின் பாதியும் இருந்தன. எங்கள் வீட்டு பிஸ்கட் டப்பா. அம்மா அதில் கருப்பட்டி போட்டு வைத்திருந்தார்.

"இது கம்பெனி ஷிம் இல்ல கேட்டியா," என்றார் ஆசான். "யாரு வெச்சது?"

"அப்பாவாக இருக்கும்."

இடப்பக்கத்தைத் திறந்தார். அங்கும் ஒன்று. அதே நீலம். பேரிங் கிண்ணங்களில் உருளைகள் அடித்த பள்ளங்கள், சோளக்கதிரின் வரிசைபோல. ஆசான் வெகுநேரம் அதை விரலால் தடவினார். "வெவரமில்லாத்த ஆளு வெச்சதில்ல இது. ரெண்டு பக்கமும் ஒரே கனம் நோக்கி வெச்சிருக்காரு. ஸ்டீயரிங் கனமா இருந்திருக்கும். கை வலிக்காம இருக்க வெச்சதாக்கும். அப்பாக்கு தோளுல வல்ல சொகக்கேடும் உண்டோ?"

உண்டு. 2018 முதல் அவருக்கு வலத்தோள் இறுகிப்போயிருந்தது. சட்டை போட அம்மாவின் உதவி வேண்டும். அந்தக் கையோடுதான் மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அங்கே அந்த எண்ணெய்த் தரையில் நின்றபோது ஒரு தொலைபேசிப் பேச்சு நினைவுக்கு வந்தது. நாளும் நினைவிருக்கிறது; பொங்கல் கழிந்த வாரம், 2019 ஜனவரி. அப்பா கேட்டார்: "மார்த்தாண்டத்துல ஒருத்தன் பொலேரோவுக்க பவர் ஸ்டீயரிங்க நம்ம ஜீப்புல பூட்டித் தாரேன்னு சொல்லுகான். செய்யலாமா மக்ளே?" பதினைந்து நாளுக்குள்தான் அந்தத் தீர்ப்பு வந்திருந்தது. கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பொன்றை எதிர்த்த மேல்முறையீட்டில், தயாரிப்பாளர் குறித்த மூல விவரங்களுக்கு மாறாக எந்த வண்டியையும் மாற்றக் கூடாது என்று ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. நாளிதழின் தலைப்பைப் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பினேன். கூடவே, "சட்டவிரோதம், பதிவே ரத்தாகும்" என்று இரண்டு வரி. பல்கலைக்கழகத்தில் படிக்கிற மகன் சொன்னான் என்பதால் அவர் அதற்குமேல் கேட்கவில்லை. "செரி" என்றார்.

அன்று நான் தீர்ப்பைப் படிக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும் படிக்கவில்லை. மூன்றாண்டு கழித்து, கையில் தகரத்தோடு விடுதி அறைக்குத் திரும்பிய இரவில்தான் படித்தேன். அந்தப் பிரிவின் அடியில் ஒரு விளக்கம் இருக்கிறது. 'மாற்றம்' என்பது வண்டியின் அடிப்படைத் தன்மையே மாறும்படியான கட்டமைப்பு மாற்றம் என்று அது வரையறுக்கிறது. ஸ்டீயரிங்குக்கு ஓர் உதவிப் பொறி சேர்ப்பது அந்த வரையறைக்குள் வருமா, தீர்ப்பின் வீச்சு அதுவரை நீளுமா என்பதைச் சட்டமறிந்தவர்கள் வாதிடலாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்துக் கேட்டிருக்கலாம். நான் கேள்வியையே எழுப்பவில்லை. மூலத்தைப் பாராமல் இரண்டாம்நிலைச் சான்றிலிருந்து மேற்கோள் காட்டக் கூடாது என்று இளநிலை மாணவர்களுக்கு நான் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த ஆண்டு அது.

ஆனால் ஆசான் அதோடு நிற்கவில்லை. மறுநாள் நான் போனபோது சக்கரங்களைச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார். "இந்த டயரு யாருக்க வேல?"

என் வேலைதான். 2017இல் எனக்கு இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. மாதம் 25,000 ரூபாய். வழக்கம்போல் ஏழு மாதம் வராமல் ஒரே நாளில் வந்தது. இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு அந்த நாளின் போதை தெரியும். அந்தப் பணத்தில் அப்பாவின் ஜீப்புக்கு அகலமான டயர்களும், அவற்றுக்கேற்ற ரிம்களும் வாங்கினேன். தொழிற்சாலை தந்த 6.00-16 டயர் ஒல்லியாக, சைக்கிள் டயர் போல இருப்பதாக எனக்கு எப்போதும் ஒரு குறை. புதிய சக்கரங்கள் மட்கார்டுக்கு வெளியே நான்கு விரல் துருத்திக்கொண்டு நின்றன. படமெடுத்து இங்கேதான் போட்டேன். நிறைய விருப்பக்குறிகள் விழுந்தன.

ஒல்லியான டயருக்குக் காரணம் இருக்கிறது. சேற்றில் அது மேலே மிதக்காமல் வெட்டிக்கொண்டு கீழே இறங்கி, கெட்டியான தரையைப் பிடிக்கும். அதைவிட முக்கியமானது, டயர் தரையைத் தொடும் இடத்தின் மையம் கிங்பின் அச்சின் நேர்கீழே ஏறக்குறைய விழும்படி அந்தச் சக்கரம் வடிவமைக்கப்பட்டது. வெளியே தள்ளிய ரிம்மைப் போட்டால் அந்த மையம் அச்சை விட்டு விலகும். திருப்புவதற்குக் கூடுதல் வலு வேண்டும். ஒவ்வொரு கல்லின் அடியும் நெம்புகோல்போல் பெருகி கிங்பின் பேரிங்கில் விழும். ஆசான் இதை விளக்க வார்த்தைகளைப் பயன்படுத்தவில்லை. ஒரு ஸ்பானரின் நுனியைப் பிடித்துத் திருப்பச் சொன்னார். பிறகு ஒரு குழாயை அதன்மேல் மாட்டி அதன் நுனியைப் பிடிக்கச் சொன்னார்.

ஆக, வழிமரபு இப்படி இறங்கியது. நான் அகல டயர் வாங்கினேன், ஸ்டீயரிங் கனத்தது. அப்பாவின் தோள் தாங்கவில்லை. பவர் ஸ்டீயரிங் கேட்டார். நான் தலைப்புச் செய்தியைக் காட்டி மறுத்தேன். அவர் தகரத்தை வெட்டி உள்ளே வைத்துப் பேரிங்கைத் தளர்த்திக் கனத்தைக் குறைத்தார். தளர்ந்த பேரிங் அடிபட்டது. சக்கரம் உதறத் தொடங்கியது. உதறலுக்கு மூன்று பேர் மூன்று மருந்து கொடுத்தார்கள். களியக்காவிளைச் சாலையில் அந்தத் தண்ணீர் லாரி நின்ற ஒரு சாண் தூரத்தைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனால், அதன் மறுமுனையில் என் முதல் உதவித்தொகை இருந்தது. தன் கடைசி இரண்டு ஆண்டுகள் அப்பா அந்த வண்டியைத்தான் ஓட்டினார் என்பதை நினைக்க இப்போதும் வயிறு குழைகிறது.

பூட்டும் வேலை நான்கு நாள் பிடித்தது. புதிய பேரிங்குகள் சாலையில் கிடைத்தன. பழைய அளவு ரிம்கள் கிடைக்காமல் கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து நான்கைப் பொறுக்கி வந்தேன், ஐந்தாவதில் விரிசல். ஷிம் வைப்பதை ஆசான் என்னையே செய்யச் சொன்னார். டை ராடைக் கழற்றிய நிலையில், வார்ப்பின் கையில் விற்தராசை மாட்டி இழுக்க வேண்டும். முள் கையேட்டில் சொன்ன எல்லைக்குள் நிற்க வேண்டும். பத்து தௌ எடுத்தால் இறுகுகிறது. ஐந்து தௌ சேர்த்தால் தளர்கிறது. மூன்றைச் சேர்த்து, மேலுக்கொன்றும் கீழுக்கொன்றுமாகப் பிரித்து, மறுபடி இழுத்து... ஒரு பக்கத்துக்கே ஒரு முற்பகல் போயிற்று. நுண்ணளவியில் அப்பாவின் தகரத்தையும் அளந்து பார்த்தேன். அழுந்தியதால் ஓரிடத்தில் இருந்த கனம் இன்னோரிடத்தில் இல்லை. ஷிம்மின் எஃகு அப்படி அழுந்தாது.

ஒல்லி டயரோடு, சரியான காற்றோடு வண்டியை எடுத்தபோது ஸ்டீயரிங் கனமாகத்தான் இருந்தது. ஆனால் தாங்கக்கூடிய கனம். நாற்பது, ஐம்பது, அறுபது வரை உதறல் இல்லை. தோள் இறுகிய ஒருவருக்கு இது போதுமாக இருந்திருக்குமா என்பதை நான் என் தோளால் அறிய முடியாது.

அதன்பிறகு இந்த வண்டியில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதில் எனக்கென ஒரு நடைமுறை உருவாயிற்று. பின்னால் வருபவர் கண்ணால் கண்டு, ஸ்பானரால் கழற்றி, பழைய நிலைக்குத் திருப்பக்கூடியதாக இருந்தால் செய்கிறேன். செய்ததைத் தேதியோடு ஒரு குறிப்பேட்டில் எழுதுகிறேன். முகப்பு விளக்குக்கு ரிலே போட்டது அப்படித்தான். பழைய அமைப்பில் மின்னோட்டம் முழுவதும் சுவிட்ச் வழியாகச் சுற்றிவந்து பாதி வெளிச்சத்தை வழியிலேயே தொலைத்தது. இருக்கைப் பட்டை போட்டேன். 1993 வண்டியில் அது இல்லை. அதிகம் பயன்பட்டது மிகவும் மலிவானது: அச்சுகளின் மூச்சுக்குழாய். ஓடிச் சூடான அச்சுக்கூட்டைச் சட்டென்று குளிர்ந்த ஓடையில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கும். மேலே உள்ள சிறு மூச்சுத் துளை சேற்றால் அடைத்திருந்தால், அச்சு எண்ணெய்த் தடுப்பு வளையங்களின் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். நான் முதன்முறை வடித்தபோது பின் அச்சின் எண்ணெய் பால் விட்ட காப்பி போல வந்தது. அப்பாவின் சப்பாத்து இருபத்தெட்டு ஆண்டு அதற்குள் ஊறியிருந்தது. இப்போது துளையில் ஒரு ரப்பர்க் குழாயை மாட்டி எஞ்சின் அறையின் உயரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறேன். செலவு ஒரு நல்ல சாப்பாட்டுக்கு ஆவது.

அப்பா செய்ததில் மாற்றாமல் விட்டதும் உண்டு. ஆண்டுதோறும் மழைக்கு முன் பழைய எஞ்சின் எண்ணெயை அடிச்சட்டம் முழுவதும் பூசுவார். அதனால் வில்பட்டைகளின் ரப்பர் புஷ்கள் ஊதிக் கெட்டுப்போயின என்று ஆசான் குறைசொன்னார். அதே எண்ணெயால்தான் முப்பது ஆண்டில் சட்டத்தில் ஓர் ஓட்டைகூட விழவில்லை என்று அவரே அடுத்த மூச்சில் ஒப்புக்கொண்டார். இங்கே கடற்காற்றில் அதைவிட விரைவாக இரும்பு கரைகிறது. நானும் பூசுகிறேன், புஷ்களுக்குத் துணி சுற்றிவிட்டு.

எஞ்சினை மாற்றி நேரடி உட்செலுத்தல் எஞ்சின் வைக்கச் சொல்லிப் பலரும் ஆலோசனை தருகிறார்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் தண்டம், ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். இந்த முறை சட்டப் பிரிவைப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். சட்டத்தின் பார்வையில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளின் வடிவமே மூலம், மற்றதெல்லாம் பிறழ்வு என்று அது கருதுகிறது. நான் பதிவு செய்யும் தாலாட்டுகளில் அப்படி ஒரு மூலம் கிடையாது. போணக்காட்டில் ஒரே லயத்தின் இரண்டு வீடுகளில் ஒரே தாலாட்டு இரண்டு விதமாக இருக்கிறது, இரண்டும் சரி. ஆனாலும் தாலாட்டு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் பேருந்து நிறுத்தத்தைக் கடப்பதில்லை. அந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறேன்.

2023இல் பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோனேன். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆகியிருந்தது. எனக்கோ உதவித்தொகை முடிந்துபோயிருந்தது. ஆய்வாளர் அடிச்சட்ட எண்ணைத் தேய்த்துப் பார்த்தார். சக்கரங்களைப் பார்த்தார். "இது ஒரிஜினல் சைஸ் அல்லே," என்று வியந்தார். 2028 வரை ஓட்டலாம்.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது அந்தத் தகரத்தை அம்மாவிடம் காட்டினேன். மறைக்கலாமா என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "கருப்பட்டி டப்பா. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்," என்றார். பிறகு சொன்னார்: "டயர மாத்தினா செரியாவும்னு ஒர்க்‌ஷாப்புக்காரன் அப்பமே சொன்னான். இவருதான் கேக்கல்ல. பய மொத மொத சம்பாதிச்சு வாங்கித் தந்தது, களத்தினா அவனுக்கு வெசனமாப் போவும், அவன்கிட்ட சொல்லண்டாம்னாரு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா தகரத்தை மறுபடி டப்பா இருந்த அலமாரியில் வைத்தார். டப்பாவும் அங்கேதான் இருக்கிறது. மூடியில் இரண்டு வட்டத் துளைகளோடு, மேலே ஒரு பிளாஸ்டிக் தாள் கட்டி. இப்போது அதில் கொல்லமிளகு.

கேள்வி கேட்ட நண்பருக்கு: எண்ணெய்க் கறை பின் அச்சின் முன்வளையத்திலிருந்து வருவது. சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. வளையம் வாங்கிவிட்டேன். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆசான் பட்டறையில் மாற்றுகிறோம். பாகங்களைப் பிடிக்க இன்னும் இரண்டு கைகள் தேவை. வருவதானால் பழைய சட்டை போட்டுக்கொண்டு வரவும். எஞ்சியிருக்கும் இயலைப் பற்றி அங்கே வைத்து ஒன்றும் கேட்க வேண்டாம்.